கருவிகளை மறந்த வாதம்

கடிகாரத்தைக் காட்டிக் கடவுளை நிறுவ முயன்ற வாதங்களுள் பெரும்பெயர் பெற்றது, ஆங்கிலத் திருச்சபையின் குருவாகிய வில்லியம் பேலி 1802-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இயற்கை இறையியல்' என்னும் நூலின் தொடக்கத்தில் உள்ளது. பொட்டல்வெளியில் நடப்பவர் காலில் ஒரு கல் இடறினால், அது எக்காலமும் அங்கேயே கிடந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அவ்விடத்தில் ஒரு கடிகாரம் கிடக்கக் கண்டு, சுருட்டி அடைக்கப்பட்ட வில்லும், அவ்வில்லின் விசையைக் கடத்தும் மெல்லிய சங்கிலியும், துருவேறாதபடி பித்தளையால் செய்த சக்கரங்களும், உள்ளிருப்பதைத் திறவாமலே காண உதவும் கண்ணாடியும் ஒரே நோக்கத்துக்கு இயைந்திருப்பதை நோக்கினால், இதனை எண்ணிச் செய்தவர் ஒருவர் எங்கோ இருந்திருக்க வேண்டும் என்னும் முடிவைத் தவிர்க்க இயலாது என்பது பேலியின் கூற்று. கடிகாரத்தினும் நுட்பமான கண்ணும் காதும் சிறகும் உடைய உயிர்களுக்கு அவ்வாறே ஒரு படைப்பாளர் இருத்தல் வேண்டும் என்று அவர் மேற்செல்கிறார்.

இந்த வாதத்தின் வலிமையும் குறையும் ஓரிடத்திலேயே உள்ளன. அதில் பேசுபவர் கடிகாரத்தைக் கண்டெடுத்தவர், கோத்தவர் அல்லர். முடிந்த பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு அதன் ஒழுங்கு தெரியும். அது கோக்கப்பட்ட மேசையும், அம்மேசைமேல் இருந்த கருவிகளும், நழுவி விழுந்து தேடியெடுக்கப்பட்ட திருகும், ஒருமுறை தவறாகப் பதித்துக் கழற்றிய முள்ளும் அவர் பார்வைக்கு வருவதில்லை. ஆகவே செய்யப்பட்ட பொருள், செய்தவர் என்னும் இரண்டை மட்டும் கொண்டு அவர் வாதத்தைக் கட்டுகிறார். தமக்கென ஒரு கைக்கடிகாரத்தை முதன்முதலாகக் கோக்க அமர்பவரின் மேசையிலிருந்து அதே வாதத்தைப் படித்தால், மூன்றாவதாக ஒன்று கண்முன் நிற்கும், அது கருவி. செயலுக்குக் கருவி இன்றியமையாதது என்பதைக் காரணக் கொள்கையின் ஓர் உறுப்பாகவே வைத்த சைவ சித்தாந்தம், பேலிக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே இவ்விடத்தைச் சிந்தித்துவிட்டது. கடிகாரம் கோப்பவரின் கருவிகளைச் சற்று நின்று காண்பது, அச்சிந்தனையின் அருமையை உணர்வதற்கு நல்ல வழியாகும்.

தாமே கைக்கடிகாரம் கோக்க விரும்பும் தொடக்கநிலையினர் பெரும்பாலும் 'மூவ்மென்ட்' எனப்படும் இயக்கப்பொறியை ஆயத்தமாக வாங்கியே தொடங்குவர். வில், சக்கரத்தொடர், ஊசலாடும் சக்கரம் ஆகியவை சேர்ந்த உட்பகுதி முழுவதும் மூவ்மென்ட் ஆகும். ஜப்பானின் சைக்கோ குழுமம் செய்யும் என்எச்35 என்னும் பொறியும், சுவிட்சர்லாந்தின் ஈட்டிஏ நிறுவனத்து 6497 என்னும் பொறியும் இதற்குப் பெரிதும் கொள்ளப்படுகின்றன. முன்னது 27.4 மில்லிமீட்டர் விட்டமுடையது. அணிபவரின் கையசைவால் தானே சாவி ஏறுவது. பின்னது 36.6 மில்லிமீட்டர் விட்டமுடையது; சட்டைப்பைக் கடிகாரங்களின் மரபில் வந்ததாதலால் உறுப்புகள் பெரியனவாய், கற்பவரின் கைக்கு இடம் தருவனவாய் அமைந்தது. டயல், முட்கள், உலோகக் கூடு, கண்ணாடி, வார் ஆகியவற்றைத் தனித்தனியே தேர்ந்து, என்எச்35 பொறியைச் சுற்றிப் பொருத்துவது முதல் நிலை. 6497 பொறியையே முழுதும் பிரித்துத் துடைத்து எண்ணெயிட்டு மீண்டும் கோப்பது அடுத்த நிலை.

இவ்விரு நிலைகளுக்கும் வேண்டிய கருவிகளின் தொகுதி சிறியதே. ஆயினும் அவற்றுள் ஒவ்வொன்றும், செய்பவரிடம் இல்லாத ஒன்றை அறிவிக்கும் சான்றாக அமைந்திருப்பது ஆழ்ந்து நோக்கத் தக்கது. விரல் நுனி ஒரு திருகின் தலையைவிடப் பன்மடங்கு அகலமானதாதலால் சாமணம் வேண்டியிருக்கிறது. கண் ஒரு சாணுக்கு உட்பட்டு நெருங்கிய பொருளைத் தெளிவாகக் காண இயலாததாதலால், கண்குழியில் பொருத்திக்கொள்ளும் லூப் என்னும் உருப்பெருக்கி வேண்டியிருக்கிறது. பொறியை ஒரு கையால் பிடித்து மறு கையால் வேலை செய்தால் இரு கைகளும் நடுங்குமாதலால், அதனை அசையாது கவ்வி நிற்கும் பொறிதாங்கி வேண்டியிருக்கிறது. தோலின் வியர்வை உருக்கின்மேல் துருவையும் டயலின்மேல் கறையையும் உண்டாக்குமாதலால் விரலுறைகள் வேண்டியிருக்கின்றன. மூச்சுக்காற்றில் ஈரமும் எச்சிலும் இருப்பதால், தூசியை ஊதுவதற்குக்கூட வாய் தகுதியற்றதாகி, ரப்பர் ஊதி ஒன்று வாங்க நேர்கிறது. ஒரு கடிகாரத்துக்கு அருகே மனித உடம்பைக் கொண்டுசெல்வதற்குள், அவ்வுடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பதிலியை வைக்க வேண்டியதாகிறது என்பதே உண்மை.

திருப்புளியைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தொடக்கநிலையினர் மிகுதியாகப் பிழைசெய்வது அதனிடத்தில்தான். கடிகாரத் திருப்புளிகள் அலகின் அகலத்தால் பிரிக்கப்பட்டு, நிற வளையங்களால் அடையாளம் காணப்படுகின்றன. சுவிஸ் கருவி நிறுவனமாகிய பெர்ஜியோனின் வழக்கில் 0.80 மில்லிமீட்டர் மஞ்சள், 1.00 கறுப்பு, 1.20 சிவப்பு. அலகு திருகின் பள்ளத்தை முழுவதும் நிறைக்க வேண்டும். குறுகிய அலகு பள்ளத்தின் விளிம்பைச் சிதைக்கும், அகன்ற அலகு சுற்றியுள்ள தகட்டைக் கீறும். அலகு மழுங்கினால் அதனைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்வதும் கோப்பவரின் பணியே. எனவே கருவி என்பது வாங்கியவுடன் முடிந்துபோன ஒன்றாக இருப்பதில்லை. அதுவும் பேணப்பட வேண்டும், அதனைப் பேணுவதற்கு மற்றொரு கருவி வேண்டும். சாமணத்தின் நிலையும் அத்தகையதே. உருக்குச் சாமணம் காந்தமேறினால் திருகுகள் அதனோடு ஒட்டிக்கொள்ளும். மயிரிழை போன்ற ஊசல் வில்லுக்குக் காந்தம் ஏறினால் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கடிகாரம் பெருமளவு முந்தி ஓடும். அதனால் பித்தளைச் சாமணம் ஒன்றும் காந்தநீக்கி ஒன்றும் தொகுதியில் சேர்கின்றன. அழுத்திப் பிடித்தால் பொருள் தெறித்துப் பறக்கும், தளரப் பிடித்தால் நழுவி விழும் என்பதால், பிடிப்பின் அளவைக் கற்பதற்கே முதல் சில நாட்கள் செல்லும்.

முட்களைப் பதிக்கும் வேலை இவற்றினும் நுட்பமானது. என்எச்35 பொறியில் மணிமுள்ளின் துளை 1.50 மில்லிமீட்டரும், நிமிடமுள்ளின் துளை 0.90 மில்லிமீட்டரும், நொடிமுள்ளின் துளை 0.20 மில்லிமீட்டரும் ஆகும். தேதி மாறும் கணம் வரையில் சாவித்தண்டைத் திருப்பி, அக்கணத்தையே நள்ளிரவாகக் கொண்டு, மூன்று முட்களையும் பன்னிரண்டை நோக்கி நிறுத்தி, முனையில் பிளாஸ்டிக் பொருத்திய பதிகோலால் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த வேண்டும். முட்கள் ஒன்றையொன்று தொடாமலும் டயலுக்கு இணையாகவும் நிற்க வேண்டும். இதில் நேரும் பிழையைத் திருத்தலாம். முள்நீக்கி நெம்புகோல்களால் கழற்றி மீண்டும் பதிக்கலாம். சாவித்தண்டை வெட்டுவதில் அந்த வாய்ப்பு இல்லை. பொறியோடு வரும் தண்டு வேண்டியதைவிட நீளமாக இருக்கும். கூட்டின் அளவுக்கேற்ப அதனைச் சிறிது சிறிதாக வெட்டி, அரத்தால் தேய்த்து, மீண்டும் மீண்டும் பொருத்திப் பார்க்க வேண்டும். கூடுதலாக வெட்டிய தண்டை நீட்டும் கருவி எதுவும் இல்லை. புதுத் தண்டு வாங்குவதே வழி. பேலியின் வாதத்தில் வரும் படைப்பாளர் எண்ணியதும் செய்து முடித்தவராகத் தோன்றுகிறார். மேசைமுன் இருப்பவரோ அளந்து, வெட்டி, அஞ்சி, மறுபடி அளப்பவராக இருக்கிறார். 'செய்தல்' என்னும் ஒரே சொல்லால் இவ்விரண்டையும் குறிப்பது எவ்வளவு பொருந்தும் என்பதே முதல் வினா.

இரண்டாவது வினா உறுப்புகளைப் பற்றியது. தாமே ஒரு கடிகாரத்தைச் செய்துகொண்டதாகச் சொல்லும் தொடக்கநிலையினர், அதன் சக்கரங்களில் ஒன்றையும் வெட்டவில்லை. செயற்கை மாணிக்கத்தாலான அச்சுத் தாங்கிகளில் ஒன்றையும் துளையிடவில்லை. இருந்தவற்றைச் சேர்த்தார். இந்திய மெய்யியலில் நியாய வைசேடிகம் கூறும் ஈசுவரனின் நிலை இதற்கு மிக நெருக்கமானது. அத்தரிசனத்தின்படி அணுக்கள் என்றும் உள்ளவை. அவற்றை எவரும் படைக்கவில்லை. அறிவற்ற அணுக்கள் தாமே சென்று கூடமாட்டா. இரண்டிரண்டாகக் கூடி இருவணுத் தொகுதியாகவும், அவை மும்மூன்றாகக் கூடிக் காணத்தக்க துகளாகவும் ஆவதற்கு அறிவுடைய ஒருவனின் தொழில் வேண்டும். 10, 11-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த உதயணர் தம் 'நியாயகுசுமாஞ்சலி'யில் ஈசுவரனை நிறுவக் காட்டும் ஏதுக்களுள், அணுக்களைக் கூட்டுவித்தலாகிய 'ஆயோசனம்' தனியாக ஒன்றாக எண்ணப்படுகிறது. உதயணரின் ஈசுவரன் ஒரு கோப்பாளன் என்று கூறுவது அவனது பெருமையைக் குறைப்பதாகாது. அத்தரிசனத்தின் நேர்மையைக் காட்டுவதாகும். பொருளும் ஒருவரிடமிருந்தே, அமைப்பும் அவரிடமிருந்தே என்று பேலி விவரிக்காமல் விட்டுச்சென்ற இடத்தில், உதயணர் பொருள் வேறு, அமைப்பு வேறு என்று தெளிவாக நிற்கிறார்.

உறுப்புகள் பிறர் செய்தவை என்பது இன்றைய தொடக்கநிலையினருக்கு மட்டும் உரிய நிலை அன்று. பேலி எழுதிய காலத்து ஆங்கிலக் கடிகாரமும் ஒருவர் செய்ததன்று. லங்காஷயரின் பிரெஸ்காட் வட்டாரத்தில் கரடுமுரடான நிலையில் செய்யப்பட்ட பொறிகள், லண்டனின் கிளார்க்கன்வெல் பகுதிக்குச் சென்று, தனித்தனித் தொழிலாளரால் மெருகேற்றப்பட்டன. பேலி வியந்து குறிப்பிடும் அந்த மெல்லிய சங்கிலி, 18-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ஆம்ப்ஷயரின் கிறைஸ்ட்சர்ச் ஊரில் பெண்களும் சிறுமிகளும் கண் வருந்தச் செய்து கொடுத்த பொருள். கடிகாரத்தின் முகத்தில் பெயர் பொறித்துக்கொண்டவர் பல வேளைகளில் அவற்றையெல்லாம் சேர்ப்பித்து விற்றவரே. அவ்வாறாயின், பொட்டல்வெளியில் கடிகாரத்தைக் கண்டவர் செய்திருக்க வேண்டிய சரியான அனுமானம், 'இதனைச் செய்தவர் ஒருவர்' என்பதன்று; 'இதனைப் பலர் செய்தனர், அவர்களுள் பெரும்பாலோர் முழுக் கடிகாரத்தை எண்ணாமலே தம் பகுதியைச் செய்தனர்' என்பதாகும். 20-ஆம் நூற்றாண்டில் உலோகத் துண்டிலிருந்து முழுக் கடிகாரத்தையும் தாம் ஒருவராகவே செய்து காட்டிய ஜார்ஜ் டேனியல்ஸ் (1926–2011) போன்றவர் விதிவிலக்கு என்பதாலேயே போற்றப்படுகிறார். அவரும் இரும்பைத் தாமே உருக்கி எடுத்தவர் அல்லர்.

இந்த மறுப்பைப் பேலிக்கு முன்னரே இருவர் தெளிவாக எழுப்பியிருந்தனர். ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம், அவர் மறைந்து மூன்றாண்டு கழித்து 1779-இல் வெளிவந்த 'இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்கள்' என்னும் நூலில், உலகை ஒரு கைவினைப் பொருளாகக் கொண்டால் அது பல தெய்வங்களின் கூட்டு வேலையாகவோ, தொழில் பழகும் இளந்தெய்வம் ஒன்றின் முதல் முயற்சியாகவோ ஏன் இருத்தல் கூடாது என்று கேட்கிறார். அவருக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேல் முற்பட்ட இராமாநுசர், ஸ்ரீபாஷ்யத்தில் பிரமத்தை அறிய மறையே பிரமாணம் என்னும் சூத்திரத்துக்கு உரை செய்யுமிடத்தில், அனுமானத்தால் ஈசுவரனை நிறுவ முயலும் நையாயிகரை மறுக்கிறார். காணப்படும் செய்வோர் யாவரும் உடம்பும் எல்லைக்குட்பட்ட அறிவும் ஆற்றலும் உடையோராகவே உள்ளனர். பெரும்பொருள்கள் பலரால் செய்யப்படுகின்றன. உலகம் முழுவதும் ஒரே காலத்தில் ஒருவனால் செய்யப்பட்டது என்பதற்குக் காட்சியில் துணையில்லை என்பது அவர் வாதம். திருப்பெரும்பூதூரில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த அந்த ஆசாரியர் இறைவனிடம் தம்மையே ஒப்படைத்தவர். அவரே இந்த அனுமானத்தை ஏற்க மறுத்தது, பக்தியும் தருக்க நேர்மையும் ஒருங்கே நிற்கக்கூடும் என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. குயவன் குடத்தைச் செய்வது கண்டு மலையையும் கடலையும் செய்தவனை ஊகிப்பவர், குயவனின் உடம்பையும் உழைப்பையும் உடன் ஊகிக்காமல் விட்டுவிடுதல் முறையாகாது என்பது அவர் கூற்றின் சாரம்.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் வேறொரு வழியைத் தேர்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களை உடையது. அதன் முதற் சூத்திரமும், அதனை விரித்த அருணந்தி சிவாசாரியரின் சிவஞான சித்தியாரும், 18-ஆம் நூற்றாண்டில் மாதவச் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியமும் ஒரு காரியத்துக்கு மூன்று காரணங்கள் வேண்டும் என்று வகுக்கின்றன. எப்பொருள் காரியமாக மாறுகிறதோ அது முதற்காரணம். எதனால் அம்மாற்றம் நிகழ்கிறதோ அது துணைக்காரணம். எவர் அதனை நிகழ்த்துகிறாரோ அவர் நிமித்த காரணம். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அவ்வாறே உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். நியாய தரிசனமும் மூன்று காரணங்களைக் கூறும். ஆனால் அங்கே ஆடைக்கு நூல் ஒரு காரணம், நூல்களின் சேர்க்கை மற்றொரு காரணம், நெய்பவனும் தறியும் ஒருசேர நிமித்த காரணம். கரணம் என்னும் பெயரால் கருவியை அத்தரிசனம் வேறிடத்தில் ஆராய்ந்தாலும், காரணங்களை வகுக்கும்போது கருவிக்கும் கருத்தாவுக்கும் ஓரிடமே தருகிறது. கருவிக்குத் தனி இடம் கொடுத்தது சித்தாந்தத்தின் சிறப்பு. கடிகாரம் கோப்பவரின் மேசையோ சித்தாந்தத்தின் பக்கமே நிற்கிறது. 0.80 மில்லிமீட்டர் அலகு இல்லாதவருக்குக் கோக்கும் அறிவு இருந்தும் கோக்கும் ஆற்றல் இல்லை. அலகு இருந்தும் அறிவில்லாதவருக்கு அலகு கீறலையே தரும். இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் இவ்வேறுபாடு மறைந்துவிடும்.

கருவி குறையின் அடையாளம் என்று முன்னர்க் கூறப்பட்டது. அப்படியாயின் சிவனுக்குத் துணைக்காரணம் வேண்டும் என்றால் அவனிடத்தும் குறை உண்டு என்றாகாதா என்னும் ஐயம் இயல்பாக எழும். சித்தாந்தத்தின் விடை, சத்தி சிவனுக்குப் புறத்தே இருந்து வாங்கப்பட்ட கருவி அன்று என்பதாகும். கதிரும் கதிரொளியும் போல இரண்டும் பிரிவறியாதவை; அறிவே அங்கு ஆற்றலாக நிற்பதால், கருத்தாவுக்கும் கருவிக்கும் இடையே மனிதரிடம் உள்ள இடைவெளி இறைவனிடம் இல்லை. உடம்பில்லாதவன் எவ்வாறு செய்வான் என்னும் மீமாஞ்சகரின் வினாவுக்கும், உருவமற்ற உயிர் உடம்பை அசைப்பது போல் இறைவன் உலகை அசைக்கிறான் என்று சித்தாந்தம் விடை கூறுகிறது. பல செய்வோரைப் பற்றிய வினாவுக்குக்கூட அங்கே ஒரு வகையான ஏற்பு உண்டு: சுத்த மாயையில் சிவனே தொழில் செய்ய, அசுத்த மாயையில் அனந்ததேவரும், பிரகிருதியில் சீகண்ட உருத்திரரும் அவன் ஏவலால் தொழில் செய்வர் என்று சித்தாந்தம் ஒரு பணிப்படிநிலையை வகுத்திருக்கிறது. இவை அனைத்தும் தருக்கத்தால் மட்டும் நிலைபெறும் என்று சொல்ல இயலாது. சிவாகமத்தின் துணை இதற்கு வேண்டும் என்பதைச் சித்தாந்திகளே மறைப்பதில்லை. எனினும் கருவியைப் பற்றிய வினாவை அவர்கள் எதிர்கொண்டனர், பேலி எதிர்கொள்ளவில்லை.

இதனினும் ஆழமான வேறுபாடு மற்றொன்று உண்டு. பேலி கடிகாரத்தின் அழகிய இயைபிலிருந்து தொடங்குகிறார். ஆகவே இயைபின்மை காணப்படும் இடமெல்லாம் அவர் வாதத்துக்கு இடராகிறது. 1859-இல் சார்லஸ் டார்வின், நோக்கமுடைய ஒருவர் இன்றியே இயைபு தோன்றக்கூடிய வழியைக் காட்டியபோது அந்த அடித்தளம் அசைந்தது. 1962-இல் ஹெர்பர்ட் சைமன் எழுதிய கட்டுரை ஒன்று, ஆயிரம் உறுப்புகளைக் கொண்ட கடிகாரங்களைக் கோக்கும் இரு கற்பனைத் தொழிலாளரைக் கொண்டு இதனை வேறு வகையில் விளக்கியது: பத்துப் பத்து உறுப்புகளாகச் சிறு தொகுதிகள் அமைத்துக்கொள்பவர், இடையூறு நேரும்போது ஒரு தொகுதியை மட்டுமே இழக்கிறார், அனைத்தையும் ஒரே மூச்சில் கோக்க முயல்பவர் ஒவ்வோர் இடையூற்றிலும் தொடக்கத்துக்கே திரும்புகிறார். நிலைத்து நிற்கும் இடைத்தொகுதிகள் இருந்தால் சிக்கலான பொருள் விரைவில் தோன்றும் என்பது சைமனின் கருத்து. சிவஞானபோதத்தின் முதற் சூத்திரமோ இயைபிலிருந்து தொடங்கவில்லை. ஆண், பெண், அஃறிணை எனப் பகுத்தறியப்படும் உலகம் தோன்றுவதும் நிற்பதும் ஒடுங்குவதுமாகிய முத்தொழில் உடையதாதலால் அது செய்யப்பட்டது என்பதே அதன் ஏது. உலகம் சிறப்பாகச் செய்யப்பட்டதா இல்லையா என்னும் வழக்கு அங்கே எழுவதற்கே இடமில்லை.

அச்சூத்திரத்தின் இன்னொரு கருத்து, ஒடுக்குபவனே முதல்வன் என்பது. உலகம் எதில் ஒடுங்குகிறதோ அதிலிருந்தே மீண்டும் தோன்றுமாதலால், படைத்தலினும் ஒடுக்கலே முந்திய தொழில். ஆகவே சங்காரம் செய்பவனே உலகுக்குத் தலைவன். முதன்முறை கேட்போருக்கு இது விந்தையாகத் தோன்றும். கடிகாரம் கற்பவருக்கோ இது அன்றாட நடைமுறையோடு ஒத்துப்போகிறது. இயக்கப்பொறியைக் கற்பதில் கோத்தல் முதல் பாடமாக வைக்கப்படுவதில்லை. பிரித்தலே முதல் பாடம். 6497 பொறியின் பாலம் எனப்படும் மேல்தகட்டைக் கழற்றி, சக்கரங்கள் எந்த வரிசையில் எடுக்கப்பட்டன, எந்தத் திருகு எந்தத் துளைக்குரியது என்று குறித்து வைத்துக்கொண்டவரே அதனைத் திரும்பக் கோக்க வல்லவராவர். கோக்கும்போது, நூலிழையின் பருமனே உள்ள அச்சு நுனிகள் யாவும் தத்தம் மாணிக்கத் துளைகளில் ஒருங்கே இறங்கும்வரை பாலத்தின் திருகை முறுக்குதல் ஆகாது. பாலத்தை ஒரு விரல்முனையால் மெல்லத் தாங்கி, சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சாமணத்தால் தொட்டு, அவை தடையின்றிச் சுழல்வதை உறுதிசெய்த பின்னரே திருகு முறுக்கப்படும். அவசரப்பட்டு அழுத்தினால் அச்சு முறியும். பிரித்தவருக்கே அது எங்கே முறியும் என்பது தெரியும். சற்காரியவாதம், அதாவது காரியம் காரணத்தில் முன்பே நுண்ணிலையில் உள்ளது என்னும் கொள்கையும், இம்மேசையின்மேல் கிடக்கும் உறுப்புகளைப் பார்ப்பவருக்கு எளிதில் விளங்கும். தட்டில் பரப்பப்பட்டிருப்பது கடிகாரம் அன்று, ஆனால் கடிகாரம் அன்றி வேறொன்றாக ஆகக்கூடியதும் அன்று.

இதுவரை இறைவனைப் பற்றிய வினா பேசப்பட்டது. கருவிகளைப் பற்றிய சித்தாந்தச் சிந்தனை உயிரைப் பற்றிப் பேசும்போதே மிகுந்த செறிவு பெறுகிறது. உயிர் அறிவுடைய பொருளாயினும் ஆணவ மலத்தால் மறைக்கப்பட்டிருப்பதால், கருவிகளின்றித் தானே எதனையும் அறியாது என்பது அந்நெறியின் துணிபு. கருவிகளோடு கூடாத அந்நிலை கேவலம். கருவிகளோடு கூடிச் சிறிது அறியும் நிலை சகலம். ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5 என 36 தத்துவங்களும் உயிருக்கு இறைவன் கூட்டிக் கொடுத்த கருவிகளாகவும் அவற்றை இயக்குவனவாகவும் கொள்ளப்படுகின்றன. அக்கருவிகள் தரும் அறிவு உண்மையானது, ஆனால் அளவுபட்டது. லூப் இதற்குப் பொருத்தமான சான்று. நான்கு மடங்கு பெருக்கும் லூப், பொறியின் பெரும்பகுதியைக் காட்டும். பத்து மடங்கு பெருக்குவது ஓர் அச்சின் நுனியைத் தெளிவாகக் காட்டும்போதே அதன் அயலில் உள்ளவற்றைப் பார்வையிலிருந்து நீக்கிவிடும், கண்ணையும் பொருளுக்கு ஓரங்குல அளவில் கொண்டுவரச் செய்யும். காட்டுவதும் மறைப்பதும் ஒரே கண்ணாடியின் ஒரே செயலாக நிகழ்கின்றன. இறைவனின் ஐந்தொழில்களுள் மறைத்தலும் ஒன்றாக எண்ணப்பட்டதன் நுட்பம் இங்கே ஓரளவு புலனாகும்.

கருவிகளோடு நெடுங்காலம் கூடி இருக்கும் உயிர், கருவிகளையே தான் என்று கொள்ளும் மயக்கத்துக்கு உள்ளாகிறது. சித்தாந்தம் கூறும் தசகாரியம் என்னும் பத்துப் படிகளுள் முதல் மூன்றும் இம்மயக்கத்தைத் தீர்க்கவே அமைந்தவை: தத்துவங்களின் இயல்பை அறிதல் தத்துவ ரூபம், அவை தன்னின் வேறு என்று காண்டல் தத்துவ தரிசனம், அவற்றிலிருந்து நீங்கி நிற்றல் தத்துவ சுத்தி. கைவினை கற்பவரின் அனுபவம் இதனை ஒருபுறம் உறுதிப்படுத்தி மறுபுறம் சிக்கலாக்குகிறது. பழகிய கையில் சாமணம் தனிப்பொருளாகத் தோன்றாமல் விரலின் நீட்சியாகவே தோன்றும். அவ்வாறு தோன்றாதவரை வேலை சீராக வராது. ஆகவே கருவியோடு ஒன்றுதல் கற்றலின் ஒரு படி என்பதை மறுக்க இயலாது. அக்கருவி காந்தமேறியதோ முனை வளைந்ததோ என்று அறிய, கற்பவர் அதனிடமிருந்து மீண்டும் விலகி அதனையே பொருளாக நோக்க வேண்டும். ஒன்றுவதும் விலகுவதுமாகிய இரண்டும் தெரிந்தவரையே கைதேர்ந்தவர் என்று சொல்வர். கருவிகளை வெறுத்து ஒதுக்குவதே ஞானம் என்று சித்தாந்தத்தைப் படிப்போர், அந்நெறி கருவிகளை அருளின் கொடையாகக் கருதுவதை மறந்துவிடுகின்றனர். தநு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும், அதாவது உடம்பும் உட்கருவியும் உலகும் நுகர்ச்சியும், உயிரின் இருளைச் சிறிதேனும் நீக்குவதற்கென்றே தரப்பட்டவை என்று அந்நூல்கள் கூறுகின்றன.

கோத்து முடித்த பின்னும் வேலை முடிவதில்லை. என்எச்35 பொறியின் ஊசல் சக்கரம் மணிக்கு 21,600 முறை, நாளுக்கு 5,18,400 முறை அடிக்கிறது. அவற்றுள் அறுபது அடிகள் மிகுந்தால் கடிகாரம் நாளொன்றுக்குப் பத்து நொடி முந்தும். அவ்வடிகளின் ஒலியை ஒலிவாங்கியால் கேட்டு, வீதத்தையும் ஊசலின் வீச்சையும் அறிவிக்கும் டைம்கிராபர் என்னும் கருவியைக் கொண்டு திருத்தம் செய்யப்படுகிறது. இப்பொறி நாளுக்கு 40 நொடி முந்துவதும் 20 நொடி பிந்துவதும் செய்த நிறுவனமே ஏற்கும் எல்லைக்குள் அடங்கும். 1715, 1716-ஆம் ஆண்டுகளில் லைப்னிட்சும், நியூட்டனின் சார்பில் சாமுவேல் கிளார்க்கும் எழுதிக்கொண்ட கடிதங்களில் இதுவே வழக்காயிற்று: அவ்வப்போது சாவி கொடுத்துத் திருத்த வேண்டிய உலகைச் செய்தவன் திறமையற்ற கைவினைஞன் என்று லைப்னிட்ஸ் கருத, இறைவன் தன் படைப்பை விட்டு நீங்காமல் ஆளுதலே அவன் பெருமை என்று கிளார்க் கூறினார். சித்தாந்தம் கிளார்க்கின் பக்கம் நிற்கும். காத்தல் என்பது அங்கே தனித்தொழில். திருத்தத்தின் தேவை செய்தவரின் இகழ்ச்சிக்குரிய குறை அன்று என்பதைக் கடிகாரத்தோடு வாழ்பவர் எவரும் ஒப்புவர்.

ஆகவே இறைவன் இருப்பதற்குச் சான்றாகக் கைக்கடிகாரத்தைக் கொள்வது தகாது. ஹியூமும் இராமாநுசரும் எழுப்பிய தடைகளுக்குப் பேலியின் நூலில் போதிய விடை இல்லை. செய்தல் என்றால் என்ன என்பதை ஆராய்வதற்கோ அதனினும் சிறந்த பொருள் அரிது. அவ்வாராய்ச்சியில் பொருளையும் கருவியையும் கருத்தாவையும் பிரித்து வைத்த மெய்கண்டாரின் மரபு பேலியினும் தெளிவானது. இதனைத் தம் கையாலேயே சோதிக்க விரும்பும் வாசகர், 6497 வகைப் பொறி ஒன்று, 0.80, 1.00, 1.20 மில்லிமீட்டர்த் திருப்புளிகள் மூன்று, பித்தளைச் சாமணம் ஒன்று, நான்கு மடங்கு லூப் ஒன்று, பொறிதாங்கி ஒன்று, ரப்பர் ஊதி ஒன்று ஆகியவற்றோடு தொடங்கலாம்; மற்றவற்றை வேலை கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம். சக்கரப் பற்களுக்கு எண்ணெய் இடுதல் கூடாது. வில்லின் இறுக்கத்தை முழுவதும் இறக்கிய பின்னரே முதல் திருகைத் தளர்த்த வேண்டும்.